கோப்பாய்ச் சிகரம்

அத்தியாயம் ஆறு

கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரத்து நூறு மீற்றர் உயரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். காலில் றப்பர் செருப்பு. மூச்சு வாங்கவில்லை. பக்கத்தில் ஒரு பசு நின்று என் சேட்டின் நுனியை நக்கிக்கொண்டிருந்தது.

"உச்சியிலை நிக்கிறன் அக்கா," என்றேன். "கொடி ஏத்தட்டோ?"

கேதீசக்கா கைப்பேசியில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், பசுவைப் பார்த்தார். மூன்றில் பசு ஒன்றுதான் அவருக்கு நம்பிக்கை தந்தது போலிருந்தது.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது. ரொட்டி தட்டுகிற பலகை மாதிரி நிலம். சைக்கிளில் போகிறவன் பெடலை மிதிக்காமல் எந்த இடத்திலும் உருள மாட்டான். பள்ளிக்கூடத்தில் மலையைப் படத்தில் காட்டித்தான் பாடம் நடத்துவார்கள். அப்படிப்பட்ட இடத்தில், கோப்பாய் வாழைத் தோட்டங்களுக்கு நடுவில், நாட்டின் ஆக உயர்ந்த மலை முளைத்திருப்பதாக இணைய வரைபடம் சொல்கிறது. நுவரெலியாப் பக்கத்து மலைகளெல்லாம் இதற்குப் பாதிதான். கறுப்பு முக்கோணம் ஒன்று, அதன் கீழே இரண்டு சொல்: பேரில்லா மலை.

"கீரிமலை எண்டு பேர் இருக்கு, அங்கை மலை இல்லை," என்றேன். "இங்கை மலை இருக்கு, பேர் இல்லை. ரண்டு பகுதியும் இருந்து கதைச்சால் ஒரு முடிவுக்கு வரலாம்தானே அக்கா?"

"நீ கொஞ்ச நேரம் கதையாமல் இருந்தால் நான் ஒரு முடிவுக்கு வருவன்."

கேதீஸ்வரி அக்கா எங்கள் துப்பறியும் நிலையத்தின் தலைவர். நிலையம் என்பது யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தையல் கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறை. முன்பு ஒரு தொலைபேசிக் கம்பனியில் முறைப்பாடு கேட்கிற கதிரையில் இருந்தவர். பொய்யைக் குரலிலேயே பிடிக்கிற காது அங்கே விளைந்தது. நான் கிறிஸ்ரோபர், குருநகர். பாட்டன் பூட்டன் எல்லோரும் கடலோடிகள். எனக்கு மட்டும் வள்ளத்தில் கால் வைத்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் தரையில் ஓட்டோ ஓடுகிறேன், அக்காவுக்கு உதவியாளனாகவும் இருக்கிறேன். கடலுக்கு உதவாதவன் துப்புக்காவது உதவட்டும் என்று என் தாயார் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அது பெருமையா பகிடியா என்பதை நான் இன்னும் துப்பறியவில்லை.

பசுவுக்கும் மலைக்கும் சொந்தக்காரி பத்மாசினி. முதல் நாள்தான் எங்கள் படியேறி வந்தார். ஐந்தடிக்குச் சற்று மேலான உருவம், கையில் ஒரு நீலக் குடை. ஒரு தகரக் கொட்டிலில் மகளோடு இருக்கிறார். மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். போன மாரியில் வீட்டுக்கு உள்ளே மகள் படிக்க, தான் பக்கத்தில் நின்று அவளுடைய புத்தகத்துக்குக் குடை பிடித்ததாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அழவில்லை. அடுத்ததைச் சொல்லும்போதுதான் அழுதார். இந்த வருடம் வீட்டுத்திட்டத்தில் அவருடைய முறை வந்தது. கல்லும் மண்ணும் கொண்டுவந்து பறிக்க இடம் கூடத் துப்புரவாக்கியாயிற்று. அந்த நேரம் பார்த்து அலுவலகக் கணினி குறுக்கே விழுந்தது. இவருடைய காணி ஒரு மலைச் சிகரத்தில் இருக்கிறது, ஆகவே மண்சரிவு அபாயம் இல்லை என்று சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் வீடு இல்லை. பட்டியல் வெள்ளிக்கிழமை பின்னேரம் மூடப்படும். இன்றைக்கு வியாழன். இந்த முறை தவறினால் அடுத்த முறை எப்போது என்று சாமிக்கும் தெரியாது, அலுவலகத்துக்கும் தெரியாது.

"ஆரோ என்ரை காணியிலை மலையைக் கொண்டந்து போட்டுட்டாங்கள் அக்கா," என்றார். "போட்டவனைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ."

தோளில் சுமந்துகொண்டு யாராவது ஒழுங்கையால் போனதைக் கண்டீர்களா என்று நான் கேட்டேன். மேசைக்குக் கீழே அக்கா என் காலை மிதித்தார்.

சான்றிதழ் தருகிற அலுவலகம் மலைநாட்டில் இருக்கிறது. அக்கா அங்கே தொலைபேசியில் கதைத்தார். அந்தப் பக்கத்து உத்தியோகத்தர் மிகவும் மரியாதையான மனிதர். மலை சரியாது என்று சான்றிதழ் தரத் தங்களுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதற்கு முதலில் மலையைப் பார்க்க வேண்டும் என்றார். அங்கே மலையே இல்லை என்றார் அக்கா. மலை இல்லை என்று சான்றிதழ் தரத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார் அவர். இருக்கிற மலை சரியாது என்று மட்டும்தான் தரலாமாம். இல்லாத மலை எப்படிச் சரியும் என்று அக்கா கேட்டார். அதைத்தான் தாங்களும் வந்து பரிசோதிக்க வேண்டும் என்றார் அவர். வருவதற்கு அடுத்த மாதம் ஆகுமாம்.

ஆக மிஞ்சியிருந்த துப்பு ஒன்றே ஒன்று. வரைபடத்தில் அந்த முக்கோணத்தைத் தொட்டால் மலையின் விபரங்கள் விரிந்தன. உச்சியில் நின்றபடி, பசுவும் கேட்கும்படி, நான் அவற்றை வாசித்தேன்.

உயரம் ஐந்து தசம் ஒன்று கிலோமீற்றர். உச்சியின் மேற்பரப்பு தகரம். சரிவு வடக்குப் பக்கம், வருடா வருடம் கூடிக்கொண்டு வருகிறது. மழைக் காலத்தில் உச்சியிலிருந்து பல இடங்களில் நீர் விழும். காலையிலும் மாலையிலும் புகை வருவதால் உயிருள்ள எரிமலை எனக் கருதப்படுகிறது. காணப்படும் விலங்கு பசு. ஏறும் பாதை ஒழுங்கை.

"உலகத்திலையே தகர உச்சி வைச்ச எரிமலை இது ஒண்டுதான்," என்றேன். "வெடிச்சால் சத்தம் நல்லா இருக்கும்."

அக்கா சிரிக்கவில்லை. சரிவு என்ற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவர் கொட்டிலின் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பத்மாசினியைக் கூப்பிட்டு அடுப்பு விறகடுப்பா என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி கேட்கிறார் என்று நினைத்து பத்மாசினி கேத்திலை வைக்க ஓடினார். அக்காவின் முகத்தில் பாதிச் சிரிப்பு வந்து நின்றது. அந்தப் பாதிச் சிரிப்பு வந்தால் விடையில் பாதி அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். மிச்சப் பாதி வரும்வரை வாயைத் திறக்க மாட்டார். அவரோடு வேலை செய்வதில் உள்ள பெரிய கொடுமை இதுதான்.

"விபரம் எங்கையிருந்து வந்தது எண்டு ஓரளவு விளங்குது," என்றார். "பேர் விளங்கேல்லை. மலை எண்டு ஆர் சொன்னது?"

விபரங்களுக்குக் கீழே ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தார். 'அருமையான சிகரம். ஏறிக் களைத்தவர்களுக்கு அடிவாரத்தில் தரமான குளிர்களி கிடைக்கும். பொன்.' குளிர்களி என்றால் ஐஸ்கிறீம். அடிவாரம் என்று ஒன்று இருந்தால் அது ஒழுங்கை திரும்புகிற முடக்காகத்தான் இருக்க வேண்டும். அங்கே ஒரு புதுப் பலகை தொங்கியது: பொன்னம்பலம் மலையடிக் குளிர்களி நிலையம்.

"பிடிச்சாச்சு," என்றேன்.

பொன்னம்பலத்தார் அறுபது தாண்டியவர், சேட்டுக்குள் அடங்காத பெரிய வண்டி, அதைவிடப் பெரிய குரல். கடைச் சுவரில் கயிறுகளைச் சுருட்டித் தொங்கவிட்டு 'மலையேறும் கயிறு வாடகைக்கு' என்று எழுதியிருந்தார். கிட்டப்போய்ப் பார்த்தேன், எல்லாம் கிணற்றுக் கயிறு. பத்மாசினியின் துண்டுக் காணியை விலைக்குத் தரும்படி இவர் பல காலமாக நச்சரித்து வருகிறார் என்பதும் எங்களுக்குத் தெரியும். மலை வந்தால் வீடு வராது, வீடு வராவிட்டால் அந்த மனிசி காணியை விற்றுவிட்டுப் போகும். காரணமும் இருக்கிறது, கயிறும் இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த இடத்திலேயே கதையை முடித்து அட்டையை ஒட்டியிருப்பேன்.

அக்கா ஒரு குளிர்களி வாங்கினார். ஒரு கரண்டி சாப்பிட்டார். பிறகு, வானிலை விசாரிக்கிற குரலில், மலையை யார் போட்டது அண்ணை என்று கேட்டார்.

பொன்னம்பலத்தார் திடுக்கிடவில்லை. ஒரு நாள் வெள்ளைக்காரச் சோடி ஒன்று முதுகில் மூட்டையும் காலில் சப்பாத்துமாக வந்து தன்னிடம் சிகரத்துக்கு வழி கேட்டதாகச் சொன்னார். கைப்பேசியில் காட்டினார்களாம். இவரும் கூட்டிக்கொண்டு போய்ப் பசுவைக் காட்டினாராம். கோபிக்காமல் பசுவோடு நின்று படம் எடுத்து, குளிர்களி குடித்து, கை கொடுத்துவிட்டுப் போனார்களாம். நல்ல சனம் என்றார். அதற்குப் பிறகுதான் பலகை எழுதினாராம்.

"தங்கச்சி, மலையை நான் கொண்டரேல்லை," என்றார். "வந்த மலைக்கு ஒரு கடை போட்டன். கோயிலிலை கொடி ஏறினால் வாசலிலை கச்சான் கடை வராதே?"

அக்கா மிச்சக் குளிர்களியையும் சாப்பிட்டு முடித்துவிட்டு வெளியே வந்தார். ஒழுங்கையில் நடந்தபடி நான் என் வழக்கை எடுத்துரைத்தேன். காணி ஆசை, கடை லாபம், நட்சத்திரம் ஐந்து. இதைவிட வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"விசர்க்கதை கதைக்கிறாய் கிறிஸ்ரி," என்றார் அக்கா. "உந்த மனிசன்ரை கடைப் பலகையிலை தன்ரை பேர். கோப்பையிலை தன்ரை பேர். நாயின்ரை கழுத்துப் பட்டியிலையும் தன்ரை பேர், பாத்தனியோ? உப்பிடிப்பட்ட ஆள் நாட்டிலையே பெரிய மலையை உண்டாக்கிப்போட்டு, அதுக்குத் தன்ரை பேரை வைக்காமலை..."

அக்கா நடுவழியில் நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்தார், அக்கா விலகவில்லை. அந்த மனிசன் வேலியோடு உரசிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தபடி போனார்.

"வைக்காமலை விடுவாரோ எண்டு கேக்க வந்தனீங்கள்," என்று எடுத்துக் கொடுத்தேன்.

"அந்தச் சொல்லை இன்னொருக்கால் சொல்லு."

"எந்தச் சொல்லை? வைக்காமலை."

"உடைச்சுச் சொல்லு."

"வைக்கா..." என்றேன். என் வாய் அப்படியே நின்றுவிட்டது. "மலை."

அக்கா திரும்பி நடந்தார். அவர் அவசரப்பட்டு நடந்து நான் பார்த்ததில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போன வேகத்தில் நான் ஓட வேண்டியிருந்தது. அந்த மலையேற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது அப்போதுதான்.

பத்மாசினி தேத்தண்ணியோடு வாசலில் நின்றார். அக்கா அவரை இருக்கச் சொன்னார். வீட்டு விபரம் எடுக்க யார் வந்தது, எப்படி எடுத்தது என்று கேட்டார். றொசாந்தி என்று ஒரு கள உத்தியோகத்தர் வந்தாராம், நல்ல பிள்ளையாம். கையில் ஒரு டெப் வைத்திருந்தாராம். இந்த டெப் என்பது சோறு போடுகிற தட்டளவில் இருக்கும் கைப்பேசி. அது தானே கேள்வி கேட்கும், நாங்கள் வாயால் சொல்லச் சொல்லத் தானே எழுதும். றொசாந்தி அதைக் கதிரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்திருக்கிறார். ஆனால் அந்த நேரம் பசு அவருடைய சால்வையில் ஒரு முழத்தை விழுங்கத் தொடங்கியிருக்கிறது. அவர் சால்வையோடு இழுபட்டுக்கொண்டிருக்க, பத்மாசினி தனியே இருந்து டெப்புக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

கூரை எதனால் ஆனது என்று கேட்டதாம். தகரம் என்றாராம். கூரையின் நிலை என்ன என்று கேட்டதாம். வடக்குப் பக்கம் சரியுது, வருசா வருசம் கூடுது என்றாராம். மழை பெய்தால் எத்தனையோ இடத்தால் தண்ணி விழும் என்றாராம். விறகடுப்பு, காலமையும் பின்னேரமும் ஒரே புகை என்றாராம். வளர்ப்பு விலங்கு பசு, வரும் பாதை ஒழுங்கை. உயரம் என்று ஒரு கேள்வி வந்ததாம். அது வெள்ளம் நிற்குமா என்று பார்க்க நிலத்தின் உயரத்தைக் கேட்டிருக்க வேண்டும். பத்மாசினி தன்னுடைய உயரத்தைத்தான் கேட்கிறது என்று நினைத்து, அடையாள அட்டைக்குச் சொல்வது போல ஐஞ்சு ஒண்டு என்று சொன்னாராம்.

நான் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். நாட்டின் ஆக உயர்ந்த மலை ஒரு பித்தளைத் தட்டில் தேத்தண்ணி வைத்துக்கொண்டு என் முன்னால் இருந்தது.

"காணிக்குப் பேர் கேட்டதோ?" என்றார் அக்கா.

கேட்டதாம். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் உறுதியில் ஒரு பேர் இருக்கும். பனையடி, கலட்டி, வைரவர் வளவு என்று மனிதருக்குப் பேர் வைப்பது போல வைத்திருப்பார்கள். ஆனால் இது பங்கு பிரித்து மிஞ்சிய துண்டு. பேருள்ள பக்கமெல்லாம் தமையன்மாருக்குப் போக, இவருக்குப் பேர் இல்லாத மூலை வந்தது.

"என்ன சொன்னனீர்? சொன்ன மாதிரியே சொல்லும்."

"உள்ளதைச் சொன்னன் அக்கா. இந்தக் காணி பேரில்லாமலைதான் கிடக்கு எண்டு சொன்னன்."

பேரில்லாமலே என்று புத்தகத்தில் எழுதுவதை நாங்கள் வாயால் பேரில்லாமலை என்போம். சொல்லாமலை, கேளாமலை, பாராமலை என்று நாள் முழுக்க எங்கள் வாயிலிருந்து விழும், ஒருவருக்கும் அடிபட்டதில்லை. அந்த டெப்புக்குத் தமிழ் படிப்பித்தவர்கள் இதைக் கேட்டதில்லை. அது சொல்லை நடுவில் வெட்டியது. ஒரு துண்டு பேரில்லா, மற்றத் துண்டு மலை. மலை என்று ஆனதும் ஐந்து ஒன்று அடியாக இருக்க முடியாது என்று தீர்மானித்திருக்கிறது. ஐந்தடியில் மலை எங்கேயும் இல்லை என்கிற அறிவு அதற்கு இருந்தது. கிலோமீற்றர் ஆக்கிவிட்டது. அலுவலகக் கணினியிடம் இணைய வரைபடம் வாங்கி, வரைபடத்திடம் வெள்ளைக்காரச் சோடி வாங்கி, அவர்களிடம் பொன்னம்பலத்தார் வாங்கிக் கடையும் போட்டாயிற்று.

"மலையைக் கொண்டந்து போட்ட ஆளைக் கண்டுபிடிக்கச் சொன்னீர்," என்றார் அக்கா. "கண்டுபிடிச்சாச்சு."

பத்மாசினிக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. தட்டைக் கீழே வைத்தார். "அப்ப நானேதான் என்ரை பிள்ளையின்ரை வீட்டைக் கெடுத்திருக்கிறன்," என்றார். எனக்கு ஒரு பகிடி வந்தது. அந்த முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். உம்மிலை ஒரு பிழையும் இல்லை, எங்கடை கதை அந்தப் பெட்டிக்கு விளங்கேல்லை, நாளைக்குப் போய்த் திருத்துவம் என்று அக்கா அவருடைய கையைப் பிடித்துச் சொன்னார்.

வெள்ளி காலை பத்மாசினியையும் கூட்டிக்கொண்டு போய் வீட்டுத்திட்ட அலுவலகத்தில் றொசாந்தியைப் பிடித்தோம். எங்கள் தேவாலயப் பங்குப் பிள்ளைதான். பாடகர் குழுவில் இருப்பவர். என்னைக் கண்டதும் இண்டைக்கு ஒழுங்கா நடந்துகொள்ளுவியளோ என்று கேட்டார். கதையைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். முதல் பதிவு மேலிடத்துக்குப் போய்விட்டதால் அழிக்க முடியாது, ஆனால் திருத்தம் சேர்க்கலாம், புதிதாகச் சேர்ப்பதை அனுப்புவதற்கு முதல் எத்தனை தரமும் அழிக்கலாம் என்றார். அதையும் வாயால்தான் சொல்ல வேண்டுமாம். டெப்பை மேசையில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். உள்ளிருந்து ஒரு பெண் குரல், செய்தி வாசிக்கிற தமிழில், காணியின் பெயரைக் கூறவும் என்றது.

பத்மாசினி வெருண்டு போய் றொசாந்தியைப் பார்த்தார். "பேர் தெரியாமலை என்னெண்டு பிள்ளை சொல்லுறது?"

"தெரியா மலை," என்றது குரல். "பதிவு செய்யப்பட்டது. நன்றி."

திரையில் முதல் முக்கோணத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது முக்கோணம் முளைத்தது.

"அக்கா, யோசிக்காமலை கதைக்காதேங்கோ," என்று நான் பத்மாசினி பக்கம் பாய்ந்தேன்.

"யோசிக்கா மலை. பதிவு செய்யப்பட்டது. நன்றி."

கேதீசக்கா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு எரிமலை உண்மையாகவே இருந்தது. றொசாந்தி இரண்டு கையாலும் டெப்பின் வாயைப் பொத்தினார். நாலு பெரிய ஆட்கள் ஒரு மேசையைச் சுற்றி நின்று, வாய் திறக்கப் பயந்து, கைச்சாடையில் கதைத்தோம். அப்போது திரையில் மஞ்சள் எழுத்தில் ஓர் அறிவித்தல் வந்தது. இவ்விடத்தில் மூன்று சிகரங்கள் உள்ளன. நான்காவது சேர்ந்தால் இப்பிரதேசம் மலைத்தொடராகக் கருதப்படும்.

மலைத்தொடர் ஆனால் என்ன நடக்கும் என்று அக்கா மூச்சுக்காற்றில் கேட்டார். றொசாந்தி எங்களை விறாந்தைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். ஒற்றை மலைக்குத்தான் சான்றிதழ் கேட்பார்களாம். மலைத்தொடருக்குக் கேட்பதில்லையாம், அவ்வளவு மலைக்கும் சான்றிதழ் எழுத ஆளில்லாதபடியால். அங்கே இருப்பவர்களுக்கு வீடு உடனே அனுமதியாகும். கூடவே இரண்டு கம்பளிப் போர்வையும் உண்டு.

றொசாந்தி நகத்தைக் கடித்தார். இது பொய்த் தகவல் ஆகாதா என்று கேட்டார்.

"பொய் எங்கை இருக்கு?" என்றார் அக்கா. "அவவின்ரை காணிக்குப் பேரில்லை, அது உண்மை. பேர் அவவுக்குத் தெரியாது, அதுவும் உண்மை. இவன் யோசிக்கிறேல்லை, அது ஊருக்கே தெரிஞ்ச உண்மை. உங்கடை பெட்டி கேக்கிறதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?"

றொசாந்தி நகத்தை வாயிலிருந்து எடுத்தார். பசு விழுங்கிய சால்வையையும் ஒழுகுகிற கூரையையும் அவர் கண்ணால் கண்டவர். உள்ளே போய் மறுபடி டெப்பைப் பொத்தினார். நாங்களும் போனோம். நாலாவது மலையைக் கொண்டுவருவது சுலபம், வாயைத் திறந்தால் போதும் என்று நினைத்து நான் தொண்டையைச் செருமினேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். வாயில் வந்ததையெல்லாம் கொட்டி நான் இன்னும் என்ன உண்டாக்குவேனோ என்று பயந்திருப்பார். கதிரையை இழுத்து பத்மாசினிக்கு நேரே இருந்தார்.

"உம்முடைய அவர் எங்கை, பத்மாசினி?"

இரண்டு நாளாக நாங்கள் யாரும் கேட்காத கேள்வி அது. பத்மாசினி மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டு இருந்தார். றொசாந்தி டெப்பின் மேலிருந்து கையை எடுத்தார்.

"எனக்கென்னெண்டு தெரியும் அக்கா," என்றார் பத்மாசினி. "ஒரு நாள் காலமை சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவர். சந்திக்குப் போறார் எண்டு நினைச்சன். பிள்ளை அப்ப பால்குடி. ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாமலை போட்டார்."

"சொல்லா மலை," என்றது அந்தக் குரல், அதே மரியாதையோடு. "பதிவு செய்யப்பட்டது. நன்றி."

நான் செத்த வீட்டிலும் சிரிப்பு அடக்கத் தெரியாதவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரை பச்சையாகியது. கோப்பாய் மலைத்தொடர், நான்கு சிகரங்கள், வீடு அனுமதிக்கப்பட்டது, அனுப்புவதற்கு அழுத்தவும் என்று இருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளும்," என்றார் கேதீசக்கா. "கிறிஸ்ரியைக் கத்த விட்டிருந்தாலும் ஏதோ ஒரு மலை வந்திருக்கும். எனக்குத் தவறாமல் வரும் எண்டு தெரிஞ்சது இது ஒண்டுதான். எண்டாலும் நான் கேட்டிருக்கக் கூடாது."

றொசாந்தி பத்மாசினியின் தோளில் கைவைத்தார். இன்னும் அனுப்பவில்லை, அந்தக் கடைசி மலையை அழித்துவிட்டு வேறொன்று போடலாம், ஒரு நிமிட வேலை என்றார்.

பத்மாசினி திரையைக் கிட்ட இழுத்து நாலாவது முக்கோணத்தை நன்றாகப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"வேண்டாம் பிள்ளை, கிடக்கட்டும்," என்றார். "அந்த மனிசன் இந்த வீட்டுக்கெண்டு ஒரு நாளும் ஒரு கல்லுத் தூக்கித் தரேல்லை. ஒரு மலையாவது தந்திட்டுப் போகட்டும்."

பிறகு தன் விரலாலேயே பொத்தானை அழுத்தினார்.